சின்ன நினைவகம், பெரிய மறதி

1

கணிப்பொறியின் ஆரம்ப காலத்தைப் பற்றிய ஏக்கம் ஒன்று இன்று உலகம் பூராவும் பரவிக் கிடக்கிறது. பழைய எந்திரங்களைத் தேடிப்பிடித்துத் தூசு தட்டி ஓட விடுகிறார்கள். ஓடாதவற்றைப் புதிய எந்திரங்களுக்குள் போலியாக உருவாக்கி ஓட்டுகிறார்கள். இவற்றுக்கென்றே அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. இந்த ஏக்கம் திரும்பத் திரும்பத் தொட்டுத் தடவிப் பார்ப்பது ஒரே ஒரு விஷயத்தைத்தான்: அந்த எந்திரங்களின் நினைவகம் எவ்வளவு சின்னதாக இருந்தது!

1948 ஜூன் 21 அன்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், புரோகிராமைத் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு ஒரு மின்னணுக் கணிப்பொறி முதன்முதலாக ஓடியது. அதன் மொத்தக் கொள்ளளவு 32 வரிகள், வரிக்கு 32 பிட்டுகள். ஆக 128 பைட். இந்தக் கட்டுரையின் முதல் வாக்கியம் அதற்குள் அடங்காது. 1956இல் ஐபிஎம் நிறுவனம் கொண்டுவந்த ராமாக் எந்திரத்தின் தட்டு நினைவகம் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளால் ஆனது. எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று கைபேசியில் எடுக்கிற ஒற்றைப் புகைப்படம் அந்த இடத்தை அடைத்துவிடும். 1981இல் பிரிட்டனில் 69 பவுண்ட் 95 பென்ஸுக்கு விற்ற சின்க்ளேர் இசட்எக்ஸ்81 எந்திரத்தின் நினைவகம் ஒரே ஒரு கிலோபைட். அதற்குள் டேவிட் ஹார்ன் என்பவர் சதுரங்க ஆட்டத்தை 672 பைட்டில் எழுதி அடக்கினார்.

இந்த எண்களைக் கேட்டால் எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்கள் தனியாக வருவதில்லை, கூடவே ஒரு நீதிக்கதையும் வருகிறது. ‘எழுபது கிலோபைட்டை வச்சுக்கிட்டு நிலாவுக்கே போனாங்க, நாம கோடிக்கணக்கான பைட்டை வச்சுக்கிட்டு குட்மார்னிங் படம் அனுப்பிக்கிட்டிருக்கோம்.’ பற்றாக்குறை மேதைகளைப் பெற்றெடுத்தது, மிகுதி நம்மைச் சோம்பேறியாக்கிவிட்டது என்பது கதையின் சாரம்.

இந்தத் தொனி நமக்குப் புதுசு இல்லை. ‘அந்தக் காலத்துக் கிராமம் மாதிரி வருமா’ என்று தொடங்குகிற எழுத்துகளைத் தமிழில் நிறையவே வாசித்திருக்கிறோம். களத்துமேடு, பொலி, பத்தாயம் என்று அந்த எழுத்து உருகும்போது, தொண்ணூறுகளில் தலித் விமர்சனம் குறுக்கே நின்று எளிமையான ஒரு கேள்வியைக் கேட்டது. பத்தாயம் யாருடையது, நெல்லைத் தூக்கிவந்து கொட்டியவர் யார், அவர் வீட்டில் அன்றைக்கு என்ன உலை கொதித்தது? அந்தக் கேள்விக்குப் பிறகு கிராமத்து ஏக்கத்தை அப்பாவித்தனமாக எழுத முடியாமல் போயிற்று. அதே கேள்வியைக் கணிப்பொறி ஏக்கத்திடமும் கேட்டுப் பார்க்கலாம் என்பதுதான் என் நோக்கம். சின்ன நினைவகத்தில் மிச்சம் பிடிக்கப்பட்ட ஒவ்வொரு பைட்டுக்கும் யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள். மிச்சம் பிடித்தவரின் பெயர் வரலாற்றில் நின்றுவிட்டது. விலை கொடுத்தவரின் பெயர் நிற்கவில்லை.

2

நிலாவிலிருந்தே தொடங்குவோம். அப்போலோ விண்கலத்தை வழிநடத்திய கணிப்பொறியை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கருவியியல் ஆய்வகம் வடிவமைத்தது. ரேதியான் நிறுவனம் வால்த்தம் நகரில் தயாரித்தது. அதன் நிலையான நினைவகத்தில் 36,864 சொற்கள், சொல்லுக்கு 16 பிட்டுகள். இன்றைய கணக்கில் 72 கிலோபைட். அழித்து எழுதக்கூடிய நினைவகம் 2,048 சொற்கள்தான், அதாவது 4 கிலோபைட்.

அந்த 72 கிலோபைட் நெய்யப்பட்டது. உவமைக்காக இப்படிச் சொல்லவில்லை, உண்மையிலேயே கையால் நெய்தார்கள். பொடிப்பொடியான காந்த வளையங்கள் வரிசையாக நிற்கும். மெல்லிய கம்பி ஒரு வளையத்துக்குள் நுழைந்து போனால் அது 1, நுழையாமல் ஓரமாகப் போனால் 0. ஒரு பெட்டியில் 512 வளையங்கள். ஒவ்வொரு வளையத்தையும் சுற்றி 192 கம்பிகள், சில உள்ளே, சில வெளியே. இப்படி ஆறு பெட்டிகள். துளைநாடாவால் இயங்கும் ஒரு கருவி எந்த வளையம் என்று நகர்த்திக் காட்டும். ஊசியில் கோத்த கம்பியை அந்தத் துளை வழியே பெண்கள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கொடுத்து வாங்குவார்கள். ஒரு கம்பி தடம் மாறினால் ஒரு கட்டளை மாறிவிடும். நெய்து முடித்து அடைத்துவிட்டால் திருத்துவது பெரும்பாடு. அதனால் புரோகிராமைப் பயணத்துக்குப் பல மாதங்கள் முன்பே முடித்துக் கொடுத்துவிட வேண்டியிருந்தது.

அந்தப் பெண்கள் எங்கிருந்து வந்தார்கள்? வால்த்தம் பஞ்சாலைகளும் கடிகாரத் தொழிற்சாலையும் இருந்த ஊர். நூலோடும் நுண்ணிய சக்கரங்களோடும் பழகிய கைகள் அங்கே தயாராக இருந்தன. பொறியாளர்கள் இந்த நினைவகத்துக்கு ஒரு செல்லப்பெயர் வைத்திருந்தார்கள்: ‘சின்னக் கிழவி’ நினைவகம். கிண்டல்தான். ஆனால் கிண்டலுக்குள் ஒரு வகைப்பாடு ஒளிந்திருக்கிறது. யோசிப்பது ஒரு வேலை, கோப்பது இன்னொரு வேலை. முன்னதற்குப் பெயர் உண்டு, பின்னதற்கு வயதும் பாலும் போதும் என்கிற வகைப்பாடு.

பெண்களே இந்த வரலாற்றில் மறைக்கப்பட்டார்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. அப்போலோ மென்பொருள் குழுவுக்குத் தலைமை வகித்த மார்கரெட் ஹாமில்டனின் பெயர் தாமதமாகவேனும் மேலே வந்தது. 2016இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. கோடு பாலினத்தோடு நிற்கவில்லை. யோசிக்கும் வேலையைச் செய்ததாக ஒப்புக்கொள்ளப்பட்ட பெண் ஒருமையில் வருகிறார், கோத்த பெண்கள் பன்மையிலேயே வருகிறார்கள். ‘ரேதியான் பெண்கள் நெய்தார்கள்’ என்று ஒரு வாக்கியம், அதோடு சரி.

இதே கணிப்பொறியில் நடந்த இன்னொரு சம்பவம் இந்தக் கட்டுரைக்கு அவசியமானது. 1969 ஜூலை 20 அன்று நிலாவில் இறங்கிக்கொண்டிருக்கும்போது 1202 என்ற எச்சரிக்கை எண் திரையில் தெரிந்தது. ராடார் தொடர்பான தேவையில்லாத சமிக்ஞைகள் எந்திரத்தின் நேரத்தை விழுங்கிவிட்டதால் வேலைகள் தேங்கின. புதிய வேலைக்கு ஒதுக்க அழித்தெழுதும் நினைவகத்தில் இடம் இல்லை. எந்திரம் செயலிழக்கவில்லை. தன்னை மறுபடி தொடங்கிக்கொண்டு, அவசியமான வேலைகளை எடுத்துக்கொண்டு, மற்றவற்றைக் கைவிட்டது. எது அவசியம், எது அவசியமில்லை என்கிற முன்னுரிமை வரிசை ஏற்கெனவே உள்ளே எழுதப்பட்டிருந்தது.

பொறியியலாக அது அருமையான காரியம், மூன்று பேர் உயிரோடு திரும்பினார்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறொன்றை. இடம் போதாத நினைவகம் எதுவானாலும், எதைக் கைவிடுவது என்கிற வரிசையை யாராவது முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். எழுதியவரைக் கேட்காமல் அந்த வரிசையைப் புரிந்துகொள்ள முடியாது.

3

அப்போலோவின் கயிறு மட்டுமல்ல, அந்தக் காலத்துச் சாதாரணக் கணிப்பொறிகளின் நினைவகமும் காந்த வளையங்களைக் கம்பியில் கோத்துச் செய்ததுதான். 1953இல் மாசசூசெட்ஸில் வேர்ல்விண்ட் எந்திரத்தில் வந்த இந்த முறை ஏறக்குறைய இருபது வருஷம் ஆட்சி செய்தது. பாவும் ஊடையும் மாதிரிக் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள், சந்திக்கும் இடத்தில் ஒரு வளையம், ஒரு வளையத்துக்கு ஒரு பிட். கோப்பதற்கு ஐபிஎம் தானியங்கி எந்திரங்களையே உருவாக்கியது. ஆனால் அறுபதுகளின் நடுவில் அந்த வேலை முதலில் ஜப்பானுக்கும் அப்புறம் தைவானுக்கும் ஹாங்காங்குக்கும் போனது. காரணம், அங்கே மனிதக் கைகள் எந்திரத்தைவிட மலிவாக விழுந்தன. தொழில்நுட்பம் முன்னேறினால் கையுழைப்பு தானாக ஒழிந்துவிடும் என்று நமக்குச் சொல்லித் தரப்பட்ட கதையாடலை இந்த ஒரு தகவலே கலைத்துப்போடுகிறது.

1970இல் இன்டெல் நிறுவனத்தின் 1103 சில்லு வந்தது. 1,024 பிட்டுகள். கோத்த வளையங்களின் காலம் முடியத் தொடங்கியது. நினைவகம் மலிவானதற்கு முதன்மைக் காரணம் ஒளியால் அச்சிடும் சில்லு உற்பத்திமுறைதான், அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் அச்சிட்ட சில்லை நறுக்கி, முடியைவிட மெல்லிய கம்பியால் இணைத்து, பெட்டிக்குள் வைக்கவேண்டியிருந்தது. உருப்பெருக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்ய மறுபடியும் பெண்களின் கைகள்தாம் தேவைப்பட்டன. ஃபேர்சைல்ட் நிறுவனம் 1965இல் நியூ மெக்ஸிகோவின் ஷிப்ராக்கில், நவாஹோ பழங்குடி நிலத்தில் தொழிற்சாலை தொடங்கியது. நவாஹோ பெண்களின் கம்பள நெசவையும் சில்லின் வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி விளம்பரப் பிரசுரம் வெளியிட்டது. 1975இல் ஆட்குறைப்பு நடந்தபோது அமெரிக்க இந்திய இயக்கத்தினர் தொழிற்சாலையை ஆக்கிரமித்தார்கள். நிறுவனம் கதவைச் சாத்திவிட்டுப் போயிற்று. நெசவாளிக்கு நெசவு இயல்பாகவே கைவரும் என்று சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. இயல்பாக வருவதற்குத் திறனுக்கான கூலி தரவேண்டியதில்லையே! குலத்தொழில் பற்றி நம்மூரில் பேசுகிறவர்களும் இதே தர்க்கத்தைத்தான் வேறு சொற்களில் பேசுகிறார்கள்.

இன்டெல் 1972இல் மலேசியாவின் பினாங்குக்குப் போனது. மற்ற நிறுவனங்களும் போயின. கீழைநாட்டுப் பெண்ணின் சின்னக் கைகள் இந்த வேலைக்கென்றே பிறந்தவை என்ற ரீதியில் முதலீட்டாளர்களுக்கு மலேசிய அரசுத் தரப்பே விளம்பரம் செய்தது. மானுடவியலாளர் ஐவா ஓங் இந்தத் தொழிற்சாலைகளில் நடந்த ‘பேய் பிடிப்பு’ பற்றி எழுதியிருக்கிறார். சுங்கை வேயில் இருந்த ஓர் அமெரிக்க மின்னணுத் தொழிற்சாலையில் 1978இல் உருப்பெருக்கிப் பகுதியில் வேலைசெய்த மலாய்ப் பெண்கள் கூட்டமாக ஆவேசம் வந்து கத்தினார்கள். தொழிற்சாலையை மூன்று நாள் மூட வேண்டிவந்தது. மந்திரவாதியை வரவழைத்து ஆடு வெட்டினார்கள். நமக்கு இதைப் புரிந்துகொள்ளப் பெரிய கோட்பாடு எதுவும் வேண்டாம். சாமியாடும் பெண் சொல்வதை ஊர் நின்று கேட்பது எதனால் என்று நம் கிராமங்களில் பார்த்திருக்கிறோம். சாதாரண நாளில் அவள் பேச்சுக்கு அங்கே இடமில்லை என்பதால்தான். தொழிற்சங்கம் வைக்கவும் வழியில்லாத கூடத்தில் பேய்தான் வேலையை நிறுத்தியது.

இசட்எக்ஸ்81 கதைக்கு வருவோம். இன்று பிரிட்டனில் நடுவயதைத் தாண்டிய ஆண்கள் பலர் ஆசையாகத் தடவிப் பார்க்கிற அந்தக் கறுப்புப் பெட்டி ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில், டைமெக்ஸ் கடிகார நிறுவனத்தின் தொழிற்சாலையில் பூட்டப்பட்டது. டண்டீ ஒரு காலத்தில் சணல் ஆலைகளின் ஊர். வங்காளத்துச் சணலை அந்த ஊர்ப் பெண்கள் நெய்தார்கள். பிறகு கல்கத்தா ஆலைகளோடு போட்டிபோட முடியாமல் சணல் தொழில் தேய்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கடிகாரம் வந்தது, அதற்கப்புறம் கணிப்பொறி வந்தது. தொழில் மாறிக்கொண்டே இருந்தாலும் டைமெக்ஸில் பெரும்பாலும் பெண்களே வேலை செய்தார்கள். 1993 ஜனவரியில் ஆட்குறைப்பையும் கூலி முடக்கத்தையும் எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிப்ரவரியில் 343 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்கள் வாசலில் நிற்க, புது ஆட்களைப் பேருந்தில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். ஆகஸ்டில் தொழிற்சாலையே மூடப்பட்டது.

672 பைட் சதுரங்கத்தை எழுதியவரின் பெயரை நானே முதல் பகுதியில் சொல்லிவிட்டேன். அந்தப் பெட்டியைப் பூட்டிய ஒருவர் பெயரையும் என்னால் சொல்ல முடியவில்லை. பதிவேடுகள் அப்படித்தான் நமக்குக் கிடைக்கின்றன.

4

இதுவரை பேசியது நினைவகத்தைச் செய்தவர்களைப் பற்றி. இனி அதில் எழுதப்பட்டதைப் பார்ப்போம்.

தட்டுகளும் வளையங்களும் வருவதற்கு முன்பிருந்தே நிறுவனங்களின் தகவல் துளை அட்டையில் இருந்தது. 1928இல் ஐபிஎம் கொண்டுவந்த அட்டையில் 80 பத்திகள். ஓர் ஊழியரின் அல்லது வாடிக்கையாளரின் விவரம் முழுவதும் அந்த எண்பதுக்குள் அடங்க வேண்டும். அதில் வருஷத்துக்கு நாலு பத்தி என்னத்துக்கு? 1965 என்பதை 65 என்று எழுதினால் போதாதா? போதும் என்று முடிவானது. பிறகு காந்த நாடாவும் தட்டும் வந்தபோதும் பழக்கம் தொடர்ந்தது, கோபால் மொழியில் எழுதப்பட்ட லட்சக்கணக்கான வரிகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றைய விலையில் பார்த்தால் இது நியாயமான சிக்கனம்தான். ஆனால் நூற்றாண்டு என்பதே கைவிடத்தக்க பட்டியலில் முதலாவதாகப் போய்விட்டது. பாப் பெமர் என்ற புரோகிராமர் 1971இலும் 1979இலும் இதைப் பற்றி அச்சிலேயே எச்சரித்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடனைத் திருப்பித் தருகிற நாளில் நாம் இந்த நாற்காலியில் இருக்கமாட்டோம் என்று தெரிந்த நிர்வாகிகள் எதற்குக் கவலைப்பட வேண்டும்?

கடன் தொண்ணூறுகளின் பின்பாதியில் கழுத்தை நெரித்தது. 2000 பிறந்தால் எந்திரம் அதை 1900 என்று எடுத்துக்கொள்ளும். பழைய வரிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துத் தேதி வரும் இடங்களைத் திருத்த வேண்டும். மேற்கில் அந்த மொழி தெரிந்தவர்களில் பலர் ஓய்வுபெற்றுவிட்டார்கள். புதியவர்களுக்கு அந்த வேலை பழங்குப்பை. ஆட்கள் வேண்டும், மலிவாக வேண்டும், பெருந்தொகையாக வேண்டும். இந்த இடத்தில்தான் நம் தெருக்களும் கதைக்குள் வருகின்றன. சென்னையில் கணிப்பொறிப் பயிற்சி நிறுவனங்களின் பலகைகள் முளைத்த வருஷங்கள் அவை. ‘கோபால் படிச்சா அமெரிக்கா’ என்பது வீட்டுப் பேச்சானது. கோபால் யாரு, என்ன படிச்சிருக்கான் என்று கேட்ட பாட்டிகளும் உண்டு. பயிற்சிக்குக் கட்டப் பணமும் ஆங்கிலமும் இல்லாதவர்களுக்கு அந்த வாசல் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1998இல் அமெரிக்கா ஹெச்-1பி விசாவின் ஆண்டு வரம்பை 65,000இலிருந்து 1,15,000ஆக உயர்த்திச் சட்டம் கொண்டுவந்தது. ஆளை ஒப்பந்தத்தில் எடுத்து இன்னொரு நிறுவனத்துக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் முறைக்குத் தொழில் வட்டாரத்திலேயே ‘பாடி ஷாப்பிங்’ என்றுதான் பெயர். உடல் வணிகம். அந்தப் பெயரில் பொய்யே இல்லை. அறுபதுகளில் அமெரிக்க நிறுவனங்கள் மிச்சம் பிடித்த இரண்டு பத்திகளுக்கான அசலையும் வட்டியையும் பிறகு திருப்பிக் கட்டியதில் ஐதராபாத், பெங்களூர், சென்னைப் பையன்களின், பெண்களின் ராத்திரிகளும் அடக்கம். 2000 ஜனவரி 1 பெரிய விபத்து இல்லாமல் விடிந்தது. உடனே, ‘எல்லாம் புருடா, ஒண்ணுமே நடக்கலையே’ என்று சிரித்தார்கள். பழுதுபார்க்கும் வேலையின் தலையெழுத்து அது. ஒழுங்காகச் செய்து முடித்தால் செய்யவே இல்லை என்று ஆகிவிடும். சமையலறையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொஞ்ச காலத்திலேயே இணைய நிறுவனங்களின் குமிழி உடைந்து, வாடகைக்குப் போனவர்களில் பலர் வேலையற்றுத் திரும்பினார்கள்.

‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல்லை 1688இல் பாசல் நகரத்து மருத்துவ மாணவர் யோகன்னஸ் ஹோஃபர் உருவாக்கினார். அன்று அது ஒரு நோயின் பெயர். அந்நிய மன்னர்களின் படைகளில் கூலிக்குச் சண்டை போடப்போன சுவிஸ் சிப்பாய்கள் வீட்டு நினைப்பில் உருகி விழுந்ததை அவர்கள் நோய் என்றார்கள். ஆக, ஏக்கம் தொடக்கத்தில் கூலிக்காரனின் வியாதி. உடலை வெளிநாட்டுக்கு வாடகைக்கு விட்டவனுக்கு வந்தது. அது எப்போது சொத்து உள்ளவரின் பொழுதுபோக்காக இடம் மாறியது என்பது தனியே எழுத வேண்டிய வரலாறு. ஆனால் அந்தச் சொல்லின் பழைய பொருள்படி பார்த்தால், ஆரம்பகாலக் கணிப்பொறியைப் பற்றிய ஏக்கத்துக்கு உரிமையுள்ளவர்கள் டண்டீயின் வாசலிலும் நியூ ஜெர்ஸியின் பகிர்ந்துகொண்ட அறைகளிலும் இருந்தவர்கள்தாம்.

5

மூன்றாவதாக ஒரு விலை இருக்கிறது. அதை மொழிகள் கொடுத்தன.

1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி குறியேற்றத்தில் ஏழு பிட்டுகள், 128 இடங்கள். ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் குறிகளுக்கும் அது கச்சிதம். எட்டாவது பிட்டைச் சேர்த்தால் இன்னும் 128 இடங்கள் கிடைக்கும். உலகத்தின் மற்ற எழுத்துகள் எல்லாம் அந்தப் பின்கட்டில் முறைவைத்துத் தங்கிக்கொள்ள வேண்டும். தமிழுக்கோ 247 எழுத்து. கொம்பு, கால், விசிறி என்று பிய்த்துப் பிய்த்து வைத்துத்தான் உள்ளே நுழைந்தோம். ஒவ்வொரு எழுத்துரு செய்தவரும் தன் வசதிக்கு வைத்தார். ஒருவரின் ககரம் இன்னொருவருக்குக் குப்பை.

இந்திய அரசின் இஸ்கி தரம் 1988இல் இந்திய எழுத்துமுறைகளை எல்லாம் ஒரே அட்டவணையில் நிறுத்தியது. அட்டவணையின் வடிவம் தேவநாகரியின் வடிவம். அதையே அடியொற்றி 1991 அக்டோபரில் வெளியான யூனிகோட் தமிழுக்கு 128 இடம் ஒதுக்கியது. அதில் க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூன்று இடங்கள் இன்றுவரை காலி. சமஸ்கிருத வருக்க எழுத்துகள் உட்கார வேண்டிய நாற்காலிகள் அவை. இருக்கிற மொழிக்கு இடப்பற்றாக்குறை, இல்லாத ஒலிக்கு இட ஒதுக்கீடு! தமிழ் இலக்கணத்தில் மெய்தான் அடிப்படை, உயிர் ஏறினால் உயிர்மெய். அட்டவணையிலோ அகரமேறிய ‘க’ அடிப்படை, புள்ளி வைத்து அகரத்தைக் கழித்தால்தான் ‘க்’. கணிப்பொறிக்குள் நாம் தொல்காப்பியத்தைத் தலைகீழாகத் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

1992 செப்டம்பரில் நியூ ஜெர்ஸியின் ஓர் உணவகத்தில் கென் தாம்ஸனும் ராப் பைக்கும் மேசைத்தாளில் எழுதி வடிவமைத்ததுதான் யூடிஎஃப்-8. இன்று இணையத்தில் மிகப் பெரும்பாலான பக்கங்கள் அதில்தான் இருக்கின்றன. அதன் அழகு, பழைய ஆங்கிலக் கோப்புகள் ஒரு பைட்டும் மாறாமல் அப்படியே செல்லும் என்பது. அதன் கணக்கு இப்படி: ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், கிரேக்கம், ரஷ்யன், அரபுக்கு இரண்டு, தமிழ், இந்தி, சீனத்துக்கு மூன்று. ‘தமிழ்’ என்ற சொல்லைத் தமிழில் எழுதினால் 15 பைட், ஆங்கில எழுத்தில் எழுதினால் ஐந்து. சதி ஏதும் இங்கே நடக்கவில்லை. நேர்மையான இரண்டு பொறியாளர்கள் நல்ல தீர்வு ஒன்றைக் கண்டார்கள். அதனால்தான் இதைக் கவனிக்கச் சொல்கிறேன். யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாமலே படிநிலை உண்டாகிறது, முதலில் வந்து உட்கார்ந்தவர் நகர வேண்டியதில்லை என்ற ஒற்றை விதி போதும். கைபேசிக் குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்தும் தமிழுக்கு 70 குறியும் என்று ஆனதும் இதே 7 பிட் கணக்கால்தான். இன்றைய மொழி மாதிரிகளும் ஒரே செய்தியை ஆங்கிலத்தைவிடத் தமிழில் கூடுதலான துண்டுகளாக வெட்டித்தான் எண்ணுகின்றன, துண்டுக் கணக்கில்தான் கட்டணமும் வாங்குகிறார்கள். நினைவகம் பெருத்துவிட்டது. ஆனால் சின்ன நினைவகத்தின் காலத்தில் எழுதிய முன்னுரிமை வரிசை போகவில்லை.

நம் வீட்டு விஷயத்துக்கும் வருகிறேன். தொண்ணூறுகளில் எங்கள் சிற்றிதழ் 1.44 மெகாபைட் பிளாப்பிகளில் இருந்தது. ஓர் இதழ், இரண்டு பிளாப்பி. டிடிபி கடையில் நாளெல்லாம் உட்கார்ந்து தட்டச்சு செய்த பெண்களுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஃபூக்கோவையும் அல்துஸ்ஸரையும் எங்களைவிடப் பொறுமையாக எழுத்தெழுத்தாகக் கடந்து போனவர்கள் அவர்கள். சந்திப்பிழை திருத்தியதும் அவர்கள்தான். இதழின் கடைசிப் பக்கத்தில் ‘ஒளியச்சு’ என்று கடையின் பெயர் வரும், தட்டியவர் பெயர் வராது. அந்த பிளாப்பிகளில் பல இன்று திறப்பதே இல்லை. திறந்தாலும் அந்த எழுத்துரு இல்லாததால் விரியும் பக்கம் முழுக்கப் புள்ளியும் கோடும் வால் முளைத்த ஐரோப்பிய எழுத்துமாக நிற்கிறது. அதிகாரம் பற்றியும் மறதி பற்றியும் நாங்கள் அத்தனை பக்கம் எழுதினோம், அந்தப் பக்கங்களையே இன்று எந்திரம் வாசிக்க மறுக்கிறது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் இருந்த தமிழர்கள் கூலி வாங்காமல் பழைய நூல்களைத் தட்டிச் சேர்த்தார்கள். குறியேற்றம் மாறியபோது யூனிகோடுக்கு மாற்றியும் வைத்தார்கள். நினைவகம் தானாக எதையும் நினைவில் வைப்பதில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது உட்கார்ந்து ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

6

பழைய எந்திரங்களை நேசிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு பைட்டையும் வீணாக்காமல் எழுதிய அந்தக் கைத்திறன் மதிப்புக்குரியது. என் சண்டை ‘அப்போது குறைவாக இருந்தது, ஆனால் எல்லோருக்கும் நிறைவாக இருந்தது’ என்கிற பாவனையோடு. குறைவு எல்லோருக்கும் ஒரே அளவில் குறைவாக இருந்ததே இல்லை. மான்செஸ்டரின் 128 பைட்டிலிருந்து இன்றுவரை நினைவகம் கோடானுகோடி மடங்கு பெருகியிருக்கிறது. 1956இல் ராமாக் எந்திரத்துக்கு நிறுவனங்கள் மாதம் 3,200 டாலர் வாடகை கட்டின. நடுவில் சில காலம் நம் நினைவகம் நம் மேசையில், நம் சொந்தமாக இருந்தது. இன்று நம் படங்களும் கடிதங்களும் கட்டுரைகளும் மறுபடி யாருடைய கிடங்கிலோ மாத வாடகைக்கு இருக்கின்றன. வாடகை நின்றால் எது முதலில் கைவிடப்படும் என்கிற வரிசை நம்மைக் கேட்டு எழுதப்பட்டது அல்ல.

சிற்றிதழ்க்காரர்களாகிய நாம் இரண்டு வேலைகளை உடனே செய்யலாம். வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய பிளாப்பிகளையும் குறுந்தட்டுகளையும் எடுத்து, எந்த எழுத்துருவில் தட்டியது என்று தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றியதை ஒரே கிடங்கில் வைக்காமல் பலர் கையில் பிரதி கொடுத்துவிட வேண்டும். கூடவே, அவற்றைத் தட்டியவர்களைத் தேடிப் போக வேண்டும். பலர் அதே ஊர்களில்தான் இருக்கிறார்கள், வேறு வேலைகளில். என்ன கூலி வாங்கினீர்கள், ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீர்கள், எங்கள் கட்டுரைகளைத் தட்டும்போது என்ன நினைத்தீர்கள் என்று கேட்க வேண்டும். சொல்ல அவர்கள் சம்மதித்தால், மறுபதிப்பில் அவர்கள் பெயரைப் போட வேண்டும். தமிழில் ஒரு பெயருக்குச் சில பத்து பைட்டுகள் போதும். இடம் இல்லை என்ற காரணம் இப்போது யாருக்கும் இல்லை.